மாப்பிள்ளைக்கு மட்டும் பறந்த பொறி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு அரை நிமிஷம் பொறுமை கிடையாது. பஸ் நிற்பதற்குள் குதிக்கிறார்கள். லிஃப்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் போதாதாம், கோழி கொத்துவது மாதிரி கொத்துகிறார்கள். ஆறிப்போன டீயை அடுப்பில் வைத்துச் சுட வைக்க நேரமில்லையாம். அதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் பொத்தான் பொத்தானாக. சரி, மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன கிழிக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தப் பெட்டி முன்னாலேயே நின்று உள்ளே கப் சுற்றுவதை வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

செக்கர் இத்தனையும் மாடிப்படி ஏறிக்கொண்டே சொன்னார். மூச்சு வாங்கியது. இருந்தாலும் குறையை நிறுத்தவில்லை.

ஆயுசில் பாதியைப் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராகக் கழித்தவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சீக்கிரமே ஒத்துவராமல் போய்விட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் ஒரு முகத்தைப் பார்த்தால் அதன் சட்டைப் பையில் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தெருவில் எது காணாமல் போனாலும், எவர் மேல் பழி விழுந்தாலும், "செக்கரைக் கூப்பிடு" என்பார்கள்.

அவருக்குப் பின்னால் கழுத்தில் அளவு நாடாவோடு ஏறிவந்தவர் அவருடைய மச்சினர். மனைவியின் தம்பி. தொழில் தையல், பெயரும் ஊருக்கெல்லாம் தையல்.

"கேஸ் என்னன்னு திரும்பச் சொல்லு" என்றார் செக்கர்.

"பெயிண்ட் கடைக்காரர் வீடு, அத்தான். ஒரே பொண்ணு. மாப்பிள்ளை வீட்டோட. அவங்க வீட்டு மைக்ரோவேவ்ல மாமனார் வெச்சாலும் டீ சூடாகுது. மாமியார் வெச்சாலும் சூடாகுது. பொண்ணு வெச்சாலும் சூடாகுது. மாப்பிள்ளை வெச்சா மட்டும் உள்ள வாணவேடிக்கை."

"அதுக்கு எதுக்கு நான்? கரண்ட் வேலை பாக்கிறவனைக் கூப்பிடு."

"மாப்பிள்ளை வேணும்னே பண்றாருங்கிறார் மாமனார். தனிக்குடித்தனம் போறதுக்குப் போடற நாடகமாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மாப்பிள்ளை துணிப்பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பணும்னு உத்தரவு. அந்தப் பொண்ணு அழுதுகிட்டே வந்து எங்கிட்ட சட்டைக்கு அளவு குடுத்துச்சு. அழுதா அளவு மாறிப்போகுது, அத்தான். என் தொழில் என்னாகிறது?"

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். கண் இன்னும் சிவந்திருந்தது. உள்ளே செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி பூட்டித் தயாராக நின்றது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் வேலை. கடுகளவு திருகாணியைக் கீழே சிந்தாமல் முடுக்குகிற விரல்கள். இவர் கை தவறி எதையும் கெடுத்திருக்க மாட்டார் என்று செக்கர் மனசுக்குள் குறித்துக்கொண்டார். அப்படியானால் வேண்டுமென்றே கெடுத்தாரோ? அதையும் குறித்துக்கொண்டார். யாரையும் சும்மா விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"மூணு தடவை!" பெயிண்ட் கடைக்காரர் ஆரம்பித்தார். குரல் அடுத்த வீட்டுக்கும் சேர்த்து. "மூணு தடவையும் இவர் கையால! நாங்க வெக்கிறப்போ சாதுவா இருக்கிற ஓவன், இவர் வெச்சதும் பட் பட்னு பொறி பறக்குது. கடைசித் தடவை புகையே வந்துடுச்சு!"

"எப்பலருந்து?" என்றார் செக்கர்.

மகள் சொன்னாள். "இவர் கடையில நேரத்தை மாத்தினாங்க, ஐயா. முன்னல்லாம் எல்லாரோடயும் உக்காந்து டீ குடிப்பாரு. இப்ப எட்டு மணி ஆகுது வர்றதுக்கு. அம்மா எடுத்து வெச்சிருக்கிற டீயை இவரே சூடு பண்ணிப்பாரு."

"அப்பதானே கடைப் பக்கத்துல வீடு பாக்கலாமான்னும் கேட்டாரு?" என்றார் மாமனார். "கேட்ட அந்த வாரமே பொறி! என் வீட்டுக்காரி பயந்து போயிருக்கா. பயமுறுத்தித் தனியாப் போயிடலாம்னு கணக்கு."

"நான் சும்மா கேட்டேன், மாமா" என்றார் மாப்பிள்ளை தரையைப் பார்த்து.

"சும்மாவா? செக்கர் சார், இதைக் கேளுங்க. பொறி பறந்தப்போ நாங்க எல்லாரும் ஐயோ அம்மான்னு கத்துறோம். இவர் மட்டும் கதவைக் கூடத் திறக்கல. நிதானமாப் பொத்தானை அமுக்கி நிறுத்திட்டு, பிளக்கைப் புடுங்கிட்டு, கையைக் கட்டிட்டு நிக்கிறார். முன்கூட்டியே தெரிஞ்சவனுக்குத்தானே அந்த நிதானம் வரும்?"

"அதுதாம்ப்பா சரி!" மகள் பொரிந்தாள். "உள்ள நெருப்புன்னா கதவைத் திறக்கவே கூடாது. காத்துப் பட்டா இன்னும் பிடிச்சுக்கும். நீங்கதான் திறக்கப் போனீங்க. இவர் தடுக்கலேன்னா உங்க மீசை இருந்திருக்காது."

தையல் மெதுவாகச் செக்கரின் காதில் சொன்னார். "மீசையைக் காப்பாத்தின மாப்பிள்ளைக்கா இந்த கதி?"

செக்கர் கண்ணை இடுக்கினார். பஸ்ஸில் கண்டக்டரோடு ரொம்ப சத்தமாகச் சண்டை போடுகிறவனிடம் பல நேரம் டிக்கெட் இருக்காது. இது அவர் அனுபவம். ஆனால் சத்தத்தை வைத்து அபராதம் போட முடியாது.

"கப்புக்குள்ள கரண்டி கிடந்துதா?" என்றார் மாப்பிள்ளையிடம்.

"இல்லீங்க."

"பளபளன்னு தாளு சுத்தி எதையாவது வெச்சீங்களா?"

"இல்லீங்க."

"எவர்சில்வர்?"

"அது அந்தப் பக்கமே போகாதுங்க. உலோகம் வெச்சாப் பொறி வரும்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப எதுலதான் வெச்சீங்க?"

"கப்புலதான்."

"நீங்கல்லாம்?"

"கப்புலதான்" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

செக்கர் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தார். மேடையில் ஓவன் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. பின்னால் சூடு போக இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். பிளக்கும் தனியாக, நேரே சுவரில். குறை சொல்ல முடியவில்லை, அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. சுவரில் வரிசையாக நாலு கொக்கி. மூன்றில் கப் தொங்கியது. ஒரு பச்சைத் தொந்திக் கப், விளிம்பு உடைந்த ஒரு நீலக் கப், காது ஒட்டவைத்த ஒரு வெள்ளைக் கப். நாலாவதில் கைதுடைக்கும் துணி. செக்கர் அந்தத் துணியை ஒரு கணம் பார்த்தார். எதற்குப் பார்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. விட்டுவிட்டார்.

கதவோரம் நின்ற மாமியார் மெல்லக் கேட்டுக்கொண்டார். "எங்க மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லீங்க. நான் அவரைத் தங்கமாத்தான் வெச்சிருக்கேன். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"நான் பாக்கிறதை மட்டும்தாம்மா சொல்லுவேன்" என்றார் செக்கர். "ஓவன் எங்க?"

எதிர்வரிசையில், மெக்கானிக் கடையில் இருந்தது. மேல்மூடி கழற்றி, கம்பியும் தகடுமாகக் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மெக்கானிக் ஒரு பெண். காதில் பென்சில் வைக்கிற இடத்தில் திருப்புளி.

தையல் ஆர்வமாகக் கையை நீட்டினார். பளாரென்று ஒரு அடி விழுந்தது.

"பிளக் இல்லேன்னு தைரியமா கை வெக்கிறீங்களா? கழட்டின பின்னாடியும் இதுக்குள்ள கரண்ட் தங்கி இருக்கும். அதை இறக்கிட்டுத்தான் நானே தொடுவேன். வீட்டுல இருக்கிறவங்க இந்த மூடியைத் திறக்கவே கூடாது."

"நான் அளவுதாம்மா எடுக்க வந்தேன்" என்றார் தையல் கையைத் தடவிக்கொண்டு. "ஓவனோட மேல்சட்டையைக் கழட்டிப் போட்டிருக்கீங்களேன்னு."

மெக்கானிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்பக்கச் சுவரில் அட்டை மாதிரி சின்னதாக ஒரு தகடு, நடுவில் கருகிப் பொத்தலாகியிருந்தது. "இது வழியாத்தான் உள்ள சூடு வருது. இதுல எண்ணெயோ சாப்பாடோ தெறிச்சு, துடைக்காம விட்டா, அதுவே காய்ஞ்சு கருகிப் பொறி விடும். பாருங்க, கூரையில எப்படி ஒட்டியிருக்குன்னு."

செக்கர் குனிந்து கூரையை நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக ஒரு துணுக்கு உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனார். நிமிர்ந்தபோது கூடவே வந்திருந்த பெயிண்ட் கடைக்காரர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒன்றுமே இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

ஜன்னல் வழியாக அக்கறையாக வெளியே பார்க்கிற முகத்தைச் செக்கர் எத்தனையோ பஸ்ஸில் பார்த்திருக்கிறார்.

"கடைக்காரரே, முட்டை எப்ப வேகவெச்சீங்க?"

"முட்டையா? எந்த முட்டை?"

"உங்க வீட்டு ஓவன் கூரையில ஒட்டியிருக்கிற முட்டை."

கடைக்காரரின் தோள் இறங்கியது. குரலும் இறங்கியது. "டாக்டர் முட்டை கூடாதுன்னுட்டார். வீட்டுக்காரி வீட்டுலயே வெக்கிறதில்ல. ஒரு நாள் எல்லாரும் வெளிய போயிருந்தாங்க. ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்து..."

"ஓட்டோடயா?" மெக்கானிக் சிரித்துவிட்டாள். "ஆவி வெளிய போக வழியே இல்லாம வெடிச்சுடுமே! வெளிய எடுத்தப்புறம் கூட வெடிக்கும். மூஞ்சியில பட்டிருந்தா?"

"பட்டுதும்மா" என்றார் கடைக்காரர். நெற்றியில் இருந்த பழைய தழும்பைத் தடவினார். "பாதி உள்ள வெடிச்சுது, மீதி கையில எடுத்தப்போ. பெயிண்ட் டப்பா மூடி தெறிச்சுதுன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். அவசரமாத் துடைச்சேன். கூரையை யாரு பாத்தா?"

"ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சுக் கொஞ்சம் ஆவி பிடிக்க விட்டு, ஆறினப்புறம் ஈரத்துணியால துடைச்சா எல்லாம் வந்துடும். கதவு ஓரத்தையும் துடைக்கணும், அழுக்கு சேந்தாச் சரியா மூடாது. கம்பி பிரஷ் மட்டும் போடாதீங்க" என்றாள் மெக்கானிக். "புது அட்டை போட்டுத் தர்றேன். அவ்வளவுதான் விஷயம்."

தையல் கைதட்டினார். "கேஸ் முடிஞ்சுது! குற்றவாளி முட்டை. உடந்தை மாமனார். அத்தான், வாங்க, டீ குடிச்சுட்டுப் போவோம்."

செக்கர் அசையவில்லை. "முட்டை வெடிச்சது எப்ப?"

"மாப்பிள்ளை இங்க குடிவர்றதுக்கு முன்னாடி" என்றார் கடைக்காரர்.

"டேய் தையல். ரோட்டுல பள்ளம் இருந்தா, அந்த வழியா வர்ற எல்லா வண்டியும் குதிக்கும். ஒரே ஒரு வண்டி மட்டும் குதிச்சா எதைப் பாக்கணும்?"

"வண்டியை."

"அழுக்குக்கு ஆள் அடையாளம் தெரியுமா? மாமனார் வந்தா சும்மா இரு, மாப்பிள்ளை வந்தாக் கடின்னு அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? அழுக்கு பொறியை வளத்திருக்கும். ஆனா ஆரம்பிச்சது அது இல்ல."

பெயிண்ட் கடைக்காரருக்கு உயிர் வந்தது. "அப்ப மாப்பிள்ளைதானே?"

"மாப்பிள்ளையாவும் இருக்கலாம்" என்றார் செக்கர் முகத்தை மாற்றாமல். "நான் யாருக்கும் ஜாமீன் இல்ல."

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் இன்னொரு பெட்டியை இழுத்துவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாருது?" என்றார் அப்பா.

"என்னுது. இவர் போனா நானும் போவேன். அப்புறம் உங்க ஓவனும் நீங்களும் சூடா இருங்க."

கடைக்காரர் ஓரக்கண்ணால் செக்கரைப் பார்த்தார். முட்டை விஷயத்தை இவர் போட்டு உடைத்துவிடுவாரோ என்று பயம்.

அந்த நேரம் பார்த்து மாமியார் தட்டோடு வந்தார். என்ன சண்டை நடந்தாலும் வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்கிற ரகம். அடுப்பிலிருந்து இறக்கிய டீ, ஆவி பறந்தது. முதலில் செக்கருக்கு, அப்புறம் தையலுக்கு, அப்புறம் மாப்பிள்ளைக்கு. கடைசியில் கணவருக்குப் பச்சைத் தொந்திக் கப்பையும் மகளுக்கு உடைந்த நீலக் கப்பையும் நீட்டினார்.

செக்கர் வாயருகே கொண்டுபோன கப்பை அப்படியே நிறுத்தினார். வெள்ளைப் பீங்கான். ரெண்டு விரல்கூட நுழையாத காது. விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு தங்கக் கோடு.

நாலு கொக்கி, மூன்று கப்.

'கப்பிலா என்று கேட்டேன். எந்தக் கப்பில் என்று கேட்டேனா?' அவருக்கு அவர் மேலேயே எரிச்சல் வந்தது. டிக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எந்த ஊருக்கு என்று பார்க்காமல் விட்ட மாதிரி.

"ஏம்மா, எனக்கு எதுக்கு இந்தக் கப்பு?"

"நல்லா இல்லீங்களா?" மாமியார் பதறினார். "விருந்தாளிங்களுக்குன்னு கண்ணாடி அலமாரியில வெச்சிருக்கிற செட்டுங்க."

"அப்ப இவரு விருந்தாளியா?" செக்கர் மாப்பிள்ளையைக் காட்டினார்.

"ஐயோ, அவர் மாப்பிள்ளைங்க! அவருக்குப் போய் உடைஞ்ச கப்புல குடுப்பாங்களா? வந்த நாள்லருந்து அவருக்கு அந்தச் செட்டுலதான். அது அவருக்குன்னே தனியா எடுத்து வெச்ச கப்பு."

"ராத்திரி அவருக்கு டீ எடுத்து வெக்கிறது?"

"அதுலதான். தட்டு போட்டு மூடி வெப்பேன்."

"விருந்தாளி டீ ஓவனுக்குள்ள போகுமா?"

"சேச்சே, விருந்தாளிக்கு யாராவது பழைய டீயைச் சுட வெச்சுக் குடுப்பாங்களா? அடுப்புலருந்து நேரா ஊத்துறதுதான்."

செக்கர் தன் கப்பை மாப்பிள்ளை முன் வைத்தார். "கண்ணாடிக் கடைக்காரரே, உங்க கப்பையும் பக்கத்துல வெச்சுப் பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பார்வை கம்மி."

பார்வை கம்மியெல்லாம் இல்லை. அவரே சொல்லட்டும் என்றுதான்.

மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்தினார். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா கப்புல கோடு முழுசா இருக்கு. என் கப்புல அங்கங்க அறுந்திருக்கு. அறுந்த இடத்துலல்லாம் ஊசி குத்தின மாதிரி கருப்புப் புள்ளி. தேய்ஞ்சது இல்ல இது, கருகினது." கண்ணாடியை எடுத்துவிட்டு விழித்தார். "இது உலோகப் பூச்சு. கண்ணாடி ஃபிரேம்ல நாங்க பாக்கிறதே இதுதான். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

"பீங்கான்னு நெனைச்சீங்க. எல்லாரும் நெனைச்சாங்க. டேய், அந்த மெக்கானிக்குக்கு போன் போடு."

தையல் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். "அம்மா, ஒரு சந்தேகம். தங்கக் கோடு போட்ட கப்பை ஓவன்ல வெக்கலாமா?"

"யாரு வெச்சது?" போன் அலறியது. "தங்கமோ வெள்ளியோ, முடி மாதிரி மெல்லிசா இருந்தாலும் அது உலோகம்தான்! அதுலருந்து பொறி கிளம்பும். அதைத்தானே நீங்க மொதல்ல சொல்லியிருக்கணும்? நான் பாட்டுக்கு அட்டையை மாத்திட்டு உக்காந்திருக்கேன்!"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் வெச்ச மரியாதைதான் பொறியாப் பறந்துச்சா? மாப்பிள்ளை, என்னாலதான் நீங்க..."

"ஐயோ அத்தை, அழாதீங்க" என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் தயங்கினார். "இதைச் சொல்லலாமா தெரியல. அந்தக் கப்பு ரொம்பச் சின்னதுங்க. மூணு மடக்குல முடிஞ்சுடும். இத்தனை நாளும் கேக்கக் கூச்சம். மாமாவோட தொந்திக் கப்பைப் பாத்து ஏங்கியிருக்கேன்."

மகள் அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் இடித்தாள்.

செக்கர் பெயிண்ட் கடைக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"கடைக்காரரே, மாப்பிள்ளைக்கிட்ட ஏதோ சொல்ல வேண்டியது இருக்கே?"

"அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. இனிமே என்ன சொல்றதுக்கு?"

செக்கர் தொண்டையைக் கனைத்தார். "முட்..."

"மாப்பிள்ளை, என்னை மன்னிச்சுடுங்க!" கடைக்காரர் ஒரே மூச்சில் கொட்டினார். "நான் பேசினது தப்பு. பெட்டியை உள்ள வைங்க. வேணாம், குடுங்க, நானே வெக்கிறேன்."

ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் ஓடியபோது, மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். "முட்டை விஷயம்தானே, செக்கர் ஐயா? எனக்கு அப்பவே தெரியும். இந்த வீட்டுக் குப்பைக் கூடையைக் கொட்டுறது யாரு? அவரா? பெயிண்ட் டப்பா மூடியாம். மூடியில மஞ்சக்கரு ஒட்டியிருக்குமா?"

உள்ளே ஒரு பெட்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

தையல் விழுந்து விழுந்து சிரித்தார். செக்கர் சிரிக்கவில்லை. ஆனால் டீயை முழுசாகக் குடித்தார்.

சற்று நேரத்தில் கடைக்காரர் வெளியே வந்தார். கையில் ஒரு கப், எப்போதோ கடைக்கு இலவசமாக வந்தது. பெரிசு, கோணல், கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறம். மாப்பிள்ளை அதைப் பூதக்கண்ணாடியால் ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கேயும் கோடு இல்லை. மாமியார் நாலாவது கொக்கியிலிருந்து கைதுடைக்கும் துணியை எடுத்தார். "இவ்வளவு அசிங்கமான கப்புலயா மாப்பிள்ளைக்கு..." என்று முனகிக்கொண்டே அங்கே கப்பை மாட்டினார். மாப்பிள்ளை அந்தக் கொக்கியைப் பார்த்த பார்வையில், அவருக்கு வேறு வீடு தேவைப்படாது என்று செக்கருக்குத் தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லவில்லை.

படியிறங்கும்போது தையல் ஆரம்பித்தார். "அத்தான், பாத்தீங்களா? ஓவன் மேல ஒரு தப்பும் இல்ல. கோடு போட்ட கப்பு வேண்டாம், ஓட்டோட முட்டை வேண்டாம், உள்ள துடைச்சு வெச்சாச் சரி. அக்காவும் ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளாச் சொல்றாளே."

"வேண்டாம்."

"ஏன்?"

"அடுப்புல நெருப்பு தெரியுது. எரியுதுன்னா எரியுது, அணைஞ்சுதுன்னா அணைஞ்சுது. இதுல நெருப்பும் இல்ல, புகையும் இல்ல, டீ மட்டும் கொதிக்குது. அந்தச் சூடு எந்த ஸ்டாப்புல ஏறுச்சு?"

"கரண்ட்ல ஏறுச்சு, அத்தான்."

"யாரு பாத்தா? டிக்கெட் இல்லாம ஏறின சூடுடா அது" என்று சொல்லிவிட்டுச் செக்கர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.